மிஸ் கேரளா: தொட்டியில் பெருகிய மீன், ஓடையில் அருகிய மீன்

வெள்ளி உடல். மூக்கு நுனியில் தொடங்கி வால் வரை ஓடும் ஒரு கருங்கோடு. அதற்கு மேலே, கண்ணை ஊடுருவி முதுகின் நடுப்பகுதி வரை நீளும் ஒரு செங்கோடு. முதுகுத் துடுப்பின் முன்விளிம்பிலும் அதே சிவப்பு. வால் மடல்கள் இரண்டிலும் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை. அலங்கார மீன் வணிகம் ‘மிஸ் கேரளா’ என்றும் ‘ரெட்லைன் டார்பிடோ’ என்றும் ‘டெனிசன் பார்ப்’ என்றும் அழைக்கும் இந்த மீனை மலையாளிகள் செங்கணியான் என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டிகளில் இன்று பல கண்டங்களிலும் நீந்துகிறது.

வளர்ப்பு மீன் வணிகம் ஓர் இனத்தை அழிக்கிறதா, காப்பாற்றுகிறதா என்ற கேள்வி உலகெங்கும் விவாதிக்கப்படுகிறது. அதற்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான மீன் நம் பக்கத்தில் இல்லை. பிடிப்பதற்கு வரம்பு விதிப்பது, பண்ணையில் இனப்பெருக்கம் செய்வது, சட்டத்தால் அடியோடு தடுப்பது என்ற மூன்று வழிகளும் இதன்மேல் அடுத்தடுத்துச் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றும் எதைச் சாதித்தது, எதைத் தொடாமல் விட்டது என்று பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முண்டக்கயத்திலிருந்து சிங்கப்பூர் வரை

சென்னை ராணுவத்தின் மருத்துவராகக் கொச்சியில் பணியாற்றிய பிரான்சிஸ் டே, மலபார் மீன்களைப் பற்றி 1865-ல் ஒரு நூல் வெளியிட்டார். திருவிதாங்கூர் மலையடிவாரத்து முண்டக்கயத்தில் கிடைத்த இந்த மீனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் பெயரை மீனுக்குச் சூட்டினார். முதலில் லேபியோ பேரினத்தில் வைக்கப்பட்ட மீன், பின்னர் புன்டியஸ் ஆனது. 2013-ல் ராஜீவ் ராகவனும் உடன் ஆய்வாளர்களும் இதற்கெனத் தனிப் பேரினமே வகுத்து, சஹ்யாத்ரி மலையின் பெயரால் சஹ்யாத்ரியா என்றார்கள். இன்று இதன் முழுப்பெயர் சஹ்யாத்ரியா டெனிசோனி.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. சாலக்குடி ஆற்றிலிருந்து 1999-ல் விவரிக்கப்பட்ட சஹ்யாத்ரியா சாலக்குடியென்சிஸ். முதுகுத் துடுப்பில் உள்ள கறுப்புத் திட்டும், சற்றுக் கீழ்நோக்கி அமைந்த வாயும் இதை வேறுபடுத்திக் காட்டும். கடைக்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே பெட்டியில், ஒரே பெயரில் இரண்டும் கப்பலேறின.

டே எழுதிய பிறகு நூறாண்டுக்கும் மேலாக இந்த மீன் வகைப்பாட்டு நூல்களுக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. 1997-ல் சிங்கப்பூரில் நடந்த ‘அக்வராமா’ கண்காட்சியில் புதிய மீன்களுக்கான பிரிவில் மூன்றாம் பரிசு பெற்றதும் நிலைமை தலைகீழானது. அதுவரை இந்தியாவிலிருந்து போன காட்டு மீன்களில் பெரும்பாலானவை குறைந்த விலைக்குப் போனவை. நல்ல விலை கிடைக்கும் ஒரு மீன் கேரளத்து ஓடைகளில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது என்று தெரிந்ததும், இடைத்தரகர்கள் மலையடிவாரங்களைத் தேடி வந்தார்கள்.

ஓடையின் இயல்பும் மீனின் இயல்பும்

இந்த மீனுக்கு ஏற்பட்ட பாதிப்பைப் புரிந்துகொள்ள, அது வாழும் இடத்தை அறிய வேண்டும். பாறையும் கூழாங்கல்லும் நிறைந்த, வேகமாக ஓடும், பிராணவாயு மிகுந்த தெளிந்த தண்ணீர் அதற்கு வேண்டும். கரை மரங்கள் நிழல் தர வேண்டும். பாசியும், தாவரத் துணுக்குகளும், நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்களும் அதன் உணவு. சந்திரகிரி, வளபட்டணம், சாலியாறு, பம்பை, அச்சன்கோவில் போன்ற ஆறுகளின் மேல்பகுதிகளிலும் தென் கர்நாடகத்தின் சில ஓடைகளிலும் இது பதிவாகியிருக்கிறது. வரைபடத்தில் பரந்த பரப்பாகத் தெரிந்தாலும், உள்ளே போய்ப் பார்த்தால் துண்டு துண்டான வாழிடம்தான். ஓர் ஆற்றின் மீன் மலை தாண்டி அடுத்த ஆற்றுக்குப் போக வழியில்லை.

இப்படி நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்ததால் வெவ்வேறு ஆற்று மீன்கள் மரபணு அளவில் தனித்தனிக் கிளைகளாக வளர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஓர் ஓடையில் இது அற்றுப்போனால், வேறோர் ஓடையில் இருப்பதைக் கொண்டுவந்து விட்டு ஈடுகட்டிவிட முடியாது. ‘இனம் அழியவில்லை, எங்கோ இருக்கிறது’ என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

இரண்டாவது பலவீனம், கூட்டமாக வாழும் பழக்கம். மழைக்காலத்தில் ஓடை முழுக்கப் பரவியிருக்கும் மீன்கள், தண்ணீர் வற்றத் தொடங்கியதும் ஆழமான மடுக்களில் ஒதுங்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரண்டு மடுக்களுக்கு இடையே கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடும். மடுவின் இரு வாய்களையும் வலையால் அடைத்து, நடுவிலிருந்து கலக்கிக்கொண்டு வந்தால், அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி ஒரே வளைப்பில் சிக்கிவிடும். விற்பனைக்கு இளம் மீன் போதும். ஆனால் வலைக்கு வயது தெரியாது. முட்டையிட வேண்டிய மீனும் அதிலேயே அகப்படுகிறது.

பிடித்த பிறகும் ஆபத்து தொடர்கிறது. பிராணவாயு மிகுந்த ஓடும் நீரில் வாழ்ந்த மீன், வாளியிலும் பாலித்தீன் பையிலும் சில மணி நேரத்திலேயே துவண்டுவிடும். வழியில் செத்த மீனுக்கு ஈடாக மறுபடியும் மடுவில்தான் வலை இறங்குகிறது. ஏற்றுமதிக் கணக்கில் வரும் எண்ணிக்கை, ஆறு இழந்த எண்ணிக்கையைவிட எப்போதும் குறைவு.

முதல் வழி: வரம்பு

2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான நன்னீர் அலங்கார மீன்களை ஆராய்ந்த ஒரு குழு, அச்சுறுத்தலுக்கு உள்ளான 30 இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் அந்தக் காலத்தில் வெளியேறியதாகக் கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு மூன்று வகைகளுக்கு உரியது. வரிக்குதிரை லோச், குள்ளப் பேத்தை, செங்கோட்டு டார்பிடோக்கள். சுங்க ஏட்டில் அலங்கார மீன் எல்லாம் ஒரே தலைப்பில் போகும். எந்த இனம், எந்த ஆறு என்று பிரித்துப் பதியும் வழக்கம் இல்லை. கண்காணிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது இதனால்தான்.

கேரள அரசு 2008-ல் முதல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. பிடிக்கும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, வலைகளுக்குக் கட்டுப்பாடு, ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தடைக்காலம். ஓர் அலங்கார மீனைக் காக்க ஒரு மாநிலம் முன்வந்தது பாராட்டத்தக்க செயல். ஆனால் தடைக்காலம் மீனின் வாழ்க்கையோடு பொருந்தவில்லை. தென்மேற்குப் பருவமழையில் ஓடை பெருக்கெடுக்கும் ஜூன், ஜூலையில் மலையோடையில் வலை போடுவதே கடினம். இனப்பெருக்கத்தை ஆராய்ந்தவர்களோ, மழை ஓய்ந்து நீர் தெளிந்த பிறகு வரும் மாதங்களில்தான் இது பெரும்பாலும் முட்டையிடுகிறது என்று கண்டார்கள். தடை நீங்கி வலை இறங்கும் மாதங்களும் அவையே. விதை நெல்லை விற்றுவிட்டுப் பதரைப் பூட்டி வைத்தது போன்ற ஏற்பாடு.

வரம்பு என்ற கருத்து தவறல்ல. எந்த ஆற்றில் எத்தனை மீன் இருக்கிறது, எப்போது முட்டையிடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் வகுத்த வரம்பு காகிதத்தில் நின்றுவிடுகிறது என்பதே 2008 தந்த பாடம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல் இரண்டு இனங்களையும் ‘அருகிவரும்’ வகையில் சேர்த்தது.

இரண்டாம் வழி: பண்ணை

காட்டில் பிடிக்காமல் பண்ணையில் பெருக்கினால் என்ன? கொச்சியை அடுத்த பனங்காடு மீன்வளக் கல்லூரி இந்த மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியது. தானாக எளிதில் முட்டையிடாத மீன் இது. தேர்ந்தெடுத்த தாய் மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, முட்டைகளைத் தனியே பொரிக்க வைத்து, குஞ்சுகளுக்கு நுண்ணுயிர் இரை கொடுத்து வளர்க்க வேண்டும். தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளும் கிழக்கு ஐரோப்பியப் பண்ணைகளும் இந்தத் தொழில்நுட்பத்தில் முந்திக்கொண்டன. உலகச் சந்தையில் இப்போது கிடைக்கும் டெனிசன் பார்ப்களில் பண்ணை மீன்களுக்கு முக்கிய இடம் உண்டு. பொன்னிற வகைகள்கூட விற்பனைக்கு வந்துவிட்டன.

இதனால் காட்டு மீனுக்கான நெருக்கடி தணிந்தது உண்மை. பண்ணைக் குஞ்சு தொட்டி நீருக்கும் செயற்கை இரைக்கும் பழகியது. வழியில் சாவதும் குறைவு. அந்த வகையில் பண்ணை செய்த நன்மையை மறுக்கக் கூடாது. ஆனால் பண்ணையில் பெருகியதாலேயே ஓர் இனம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது ஆபத்து. தாய்லாந்தின் ‘ரெட்டெயில் ஷார்க்’ இதற்குச் சாட்சி. கரிய உடலும் செக்கச்சிவந்த வாலும் கொண்ட அந்த மீன் நம் ஊர்க் கடைகளிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. பண்ணைகள் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்கின்றன. அதன் சொந்த ஆறுகளிலோ அது முற்றிலும் அழிந்துவிட்டதாகவே ஒரு காலத்தில் கருதப்பட்டது. பின்னர் சில மீன்கள் தென்பட்டதால் ‘மிக அருகிய’ பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. உலகெங்கும் தொட்டி நிறைய மீன் இருந்தும் அதன் ஆற்றில் எதுவும் மாறவில்லை.

பண்ணை மீனை ஆற்றில் விட்டுவிடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். எந்த ஆற்றின் கிளை என்று தெரியாத, சில தாய் மீன்களின் வழியில் மட்டுமே வந்த, நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மீனை மலையோடையில் விட்டால், அங்கே எஞ்சியிருக்கும் அசல் மரபும் கலங்கிப்போகும். ஆற்றில் விடுவதற்கென்றே, அந்தந்த ஆற்றின் தாய் மீன்களிலிருந்து, பதிவேட்டுடன் வளர்க்கப்படும் குஞ்சுகள் வேறு. சந்தைக்கு வளர்ப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசவே கூடாது.

மூன்றாம் வழி: தடை

2022-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் டெனிசன் பார்பை முதல் அட்டவணையில் சேர்த்தது. 2023 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள உச்சப் பாதுகாப்பு ஒரு விரல் நீள மீனுக்குக் கிடைத்திருக்கிறது. நன்னீர் மீனையும் வனவிலங்காக மதிக்கும் மனநிலை மாற்றம் என்ற அளவில் இதை வரவேற்க வேண்டும். நெடுங்காலமாக நம் சட்டங்கள் மீனை உணவாகவும் சரக்காகவும் மட்டுமே பார்த்துவந்தன.

ஆனால் அலங்கார மீன் வளர்ப்பவர்களும் பண்ணைக்காரர்களும் அதிர்ந்துபோனார்கள். சிறைத் தண்டனை வரை போகக்கூடிய சட்டத்தின் முன்னால், பண்ணையில் பொரித்த குஞ்சையும் ஓடையில் பிடித்த மீனையும் பிரித்துக் காட்ட எளிய வழி இல்லை. உள்நாட்டுப் பண்ணைகள் மூடிக்கொள்ள, வெளிநாட்டுப் பண்ணைகள் அதே மீனைத் தாராளமாக விற்கும் நிலை. இனப்பெருக்க முறையை வகுத்தது நம் கல்லூரி. அதைத் தொழிலாக நடத்த முடியாமல் தவிப்பது நம் பண்ணைக்காரர்.

தடைக்கு இன்னொரு குறையும் உண்டு. அது வலையைத் தடுக்கும். மீன் பிடிக்கப் போடும் வெடியையும் நஞ்சையும், மணல் அள்ளும் இயந்திரத்தையும் அணையையும் அதே வேகத்தில் தடுப்பதில்லை.

ஆற்றுக்கு நேர்ந்தது

சாலக்குடி ஆற்றை எடுத்துக்கொள்வோம். சாலக்குடியென்சிஸ் மீனுக்கு அதுவே சொந்த வீடு. பரம்பிக்குளம், சோலையாறு, காரப்பாறை, குரியார்குட்டி, ஆனக்கயம் ஆகிய ஓடைகள் கூடி அந்த ஆறு உருவாகிறது. அவற்றில் சிலவற்றின் நீர், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டுப் பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர் வட்டார வயல்களுக்கும் தோப்புகளுக்கும் போகிறது. தமிழ்நாடும் கேரளமும் 1970-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்தப் பங்கீட்டை முறைப்படுத்தியது. கொங்கு நாட்டின் செழிப்பில் அந்தத் தண்ணீருக்குப் பெரும்பங்கு உண்டு. அதை விட்டுவிடச் சொல்வதற்கில்லை. ஆனால் பங்கீட்டுக் கணக்கில் வயலும் மின்சாரமும் குடிநீரும் இருக்கின்றன. மீனுக்கென்று ஒரு பங்கு இல்லை. செங்கணியானின் கதை கேரளத்துக் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அணைக்குக் கீழே இன்னொரு சிக்கல். அதே ஆற்றில் உள்ள பெரிங்கல்குத்து மின்நிலையம் மின்தேவை உச்சத்துக்கு ஏற்ப நீரைத் திறக்கும்போது, ஆற்றின் மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்குகிறது. பாறை இடுக்கில் இட்ட முட்டையும், கரையோரத்தில் ஒதுங்கிய குஞ்சும் இதைத் தாங்காது. அங்கே திட்டமிடப்பட்ட 163 மெகாவாட் அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தை எதிர்த்து வாழச்சால் காடர் பழங்குடியினரும், 2017-ல் மறைந்த ஆற்று ஆய்வாளர் லதா அனந்தா போன்றோரும் நடத்திய நெடும்போராட்டம், அருவியின் அழகுக்காக மட்டும் நடந்ததல்ல. ஓடும் ஆற்றில் எஞ்சியிருக்கும் பகுதியைக் காக்க நடந்தது. எந்த மீன் சட்டத்தையும்விட அந்தப் போராட்டம் இந்த மீனுக்குச் செய்த நன்மை பெரிது.

அலங்கார மீன் வணிகம் ஆற்றிலிருந்து எடுப்பதோடு நிற்பதில்லை. ஆற்றுக்குள் வேண்டாததையும் சேர்க்கிறது. 2018 பெருவெள்ளத்தில் வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அமேசானின் அராபைமா சாலக்குடி ஆற்றில் பிடிபட்டது. ‘டேங்க் கிளீனர்’ என்று வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழகத்து நீர்நிலைகளிலும் வேரூன்றிவிட்டன. ஓர் ஊரின் அழகு மீன் அடுத்த ஊரின் ஆற்றுக்குப் பகையாக முடிகிறது.

ரியோ நீக்ரோவில் வேறொரு வழி

மாறான ஓர் அனுபவமும் உலகில் இருக்கிறது. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றங்கரை ஊரான பார்செலோசில், கார்டினல் டெட்ரா மீனைப் பிடித்து விற்பது தலைமுறைத் தொழில். வெள்ளம் வடியும்போது சிறு குட்டைகளில் சிக்கி ஏராளமாக மடிந்துபோகும் குறுவாழ்வு மீன் அது. கைவலையால் பிடிப்பதனால் அதன் தொகை குறைந்துவிடுவதில்லை. அந்த வருமானம் இருப்பதால் காட்டை வெட்டாமலும், தங்கச் சுரங்கத்துக்குப் போகாமலும் குடும்பங்கள் ஆற்றோடு நிற்கின்றன. மீனை வாங்கினால் மரத்தைக் காக்கலாம் என்ற கொள்கையோடு ‘பியாபா திட்டம்’ அங்கே பல ஆண்டுகளாக இயங்குகிறது. வெளிநாட்டுப் பண்ணைகள் கார்டினலைப் பெருக்கத் தொடங்கியபோது, நொடிந்தது அந்த மீனவர்களின் வாழ்வுதான்.

அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்திவிட முடியாது. கார்டினல் வாழ்வது பரந்த வெள்ளக்காட்டில். செங்கணியான் வாழ்வது ஒடுங்கிய ஓடையில். ஆனால் அந்த அனுபவத்தின் உட்கருத்து நமக்கும் பொருந்தும். ஆற்றங்கரையில் வாழ்பவருக்கு உயிருள்ள ஆற்றால் வருமானம் கிடைத்தால், ஆற்றைக் கெடுப்பவரை முதலில் தடுப்பவர் அவராகவே இருப்பார். நம் மூன்று வழிகளிலும் மலையோடைக்கு அருகே வாழும் மனிதர் இடைத்தரகருக்கு மீன் பிடித்துத் தருபவராக, அல்லது குற்றவாளியாக மட்டுமே இடம்பெற்றார். காவலராக இடம்பெறவில்லை.

தொட்டி வைத்திருப்பவரின் பொறுப்பு

இந்த மீன் தொட்டியில் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். கடையில் இரண்டு அங்குலத்தில் இருக்கும் மீன் ஓடையில் 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. குறைந்தது ஆறு மீனாவது கூட்டமாக இருக்க வேண்டும். நான்கடித் தொட்டியாவது வேண்டும். மூடி இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழும். தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் மோட்டாரைப் போட்டதும் கூட்டம் முழுவதும் அதன் எதிரே அணிவகுத்து, வால் மட்டும் அசைய, நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதைப் பார்த்தால் இது ஓடைக்குப் பிறந்த மீன் என்பது விளங்கும். 25 டிகிரி வெப்பத்துக்குள் சுகமாக இருக்கும் இதைச் சென்னையின் மே மாதத்தில் 31, 32 டிகிரி தண்ணீரில் வைத்தால் வாயை மேலே நீட்டி மூச்சுக்குத் திணறும். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குளிர்ந்த ஓடும் நீரைத் தர இயலாதவர் வளர்க்கக் கூடாத மீன் இது. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வளர்ப்போர் பண்ணை மீனா, காட்டு மீனா என்று கேட்டுத் தெரிந்தே வாங்க வேண்டும். ஒருபோதும் வெளிநீரில் விடக் கூடாது.

இனி என்ன செய்ய வேண்டும்

மூன்று வழிகளும் மீனை எண்ணின. ஆற்றை எண்ணவில்லை. எத்தனை ஏற்றுமதி, எத்தனை குஞ்சு, எத்தனை வழக்கு என்பவை கணக்கில் ஏறின. கோடையில் எத்தனை மடுக்களில் தண்ணீர் நின்றது, அவற்றில் எத்தனையில் கூட்டம் தென்பட்டது என்பது ஏறவில்லை. பாதுகாப்பின் அளவுகோல் மாறியாக வேண்டும்.

ஆறுவாரியாக ஆண்டுதோறும் கணக்கெடுப்பு முதல் தேவை. அந்தந்த ஓடையை அறிந்த காடரையும் பிற மலைவாழ் மக்களையும் ஊதியத்துடன் அந்தப் பணியில் அமர்த்தலாம். முன்பு இடைத்தரகருக்கு மடுவைக் காட்டிக்கொடுத்த அறிவு, இனி மடுவைக் காக்கப் பயன்படும். அடுத்து, முட்டையிடும் மாதங்களில் மேல்பகுதி ஓடைகளில் எல்லா வகை மீன்பிடிப்புக்கும் தடை. மூன்றாவது, உள்நாட்டுப் பண்ணைகளுக்குப் பதிவு, தாய் மீன் ஏடு, ஆய்வு ஆகிய நிபந்தனைகளோடு உரிமம். அப்போது வணிகம் நேர்வழியில் நடக்கும், காட்டு மீனுக்கு விலையும் இராது. நான்காவது, எல்லாவற்றுக்கும் மேலானது, அணைகளிலிருந்து கோடையிலும் ஆற்றுக்கென்று ஒரு குறைந்தபட்ச நீர். பரம்பிக்குளம்–ஆழியாறு பங்கீட்டை இரு மாநிலங்களும் மறுபடி பேசும்போது, வயலுக்கும் மின்சாரத்துக்கும் பக்கத்தில் ஆற்றுக்கும் ஒரு வரி எழுதப்பட வேண்டும். அந்த நீரால் வாழும் தமிழ்நாடு இதை முதலில் கேட்குமானால், அது நியாயமாகவும் இருக்கும், நமக்குப் பெருமையாகவும் இருக்கும்.